ஏணையை விட்டு இறங்கும் பிள்ளை

இடம்பெயர்ந்து போகும் ஒரு கமக்காரக் குடும்பம் எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்பதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். நீர் இறைக்கும் இயந்திரம், விதை நெல், மாடு, கன்று எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டிலிருந்து ஒரு பழைய நூற்சீலை கட்டாயம் கூட வரும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் மாறி அலைந்தபோதும், தங்கிய இடத்தில் முதலில் கட்டப்பட்டது ஏணைதான். மரக்கொப்போ, பாடசாலைக் கூரையின் வளையோ, உழவு இயந்திரப் பெட்டியின் சட்டமோ, எது ஒரு கயிற்றைத் தாங்குமோ அதன் கீழே பிள்ளைக்கு ஒரு வீடு கிடைத்தது.

ஏணை எமது தாய்மாரின் நல்லதொரு கண்டுபிடிப்பு. நிலத்து ஈரத்திலிருந்தும் எறும்பிலிருந்தும் அது பிள்ளையைக் காக்கிறது. அதற்குள் கிடக்கும் சின்னப் பிள்ளை எங்கும் போய்விட மாட்டாது என்ற நம்பிக்கையில் தாய் அடுப்படிக்குப் போகலாம். ஆனால் பிள்ளை வளர்கிறது. ஒரு நாள் ஏணை கொள்ளாமற் போகிறது. பாய்க்கோ கட்டிலுக்கோ பிள்ளையை இறக்க வேண்டிய நாள் வருகிறது. வீட்டில் எவரும் அதைப் பெரிய நாளாக எண்ணுவதில்லை. பல் முளைத்த நாளை நினைவில் வைத்திருப்போம். நடந்த நாளை நினைவில் வைத்திருப்போம். ஏணையை விட்டு இறங்கிய நாளை மறந்துவிடுவோம். அந்த நாளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கிணற்றடியில் ஒரு பிள்ளை

வன்னியில் குளமொன்றை அண்டிய குடியிருப்பு ஒன்றில், உறவினர் காணியில் தற்காலிகக் கொட்டில் போட்டிருந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தகப்பன் அருவி வெட்டுக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார். தாய்க்கு ஏழாம் மாதம். மூத்தது பெண்பிள்ளை, வயது ஒன்றும் எட்டு மாதமும். வரப்போகும் குழந்தைக்கு ஏணை வேண்டும் என்பதால், நிவாரணத்தில் கிடைத்த பலகைக் கட்டிலில் மூத்தவளைக் கிடத்தினார்கள். ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் தலையணை, கீழே மடித்துப் போட்ட சாக்கு. பிள்ளை விழக் கூடாது என்பதற்காகச் செய்யக்கூடியவற்றை எல்லாம் அந்தத் தாய் செய்திருந்தார்.

நாலாம் நாள் இரவு நாய் விடாமல் குரைத்தது. அம்மம்மா எழும்பிப் பார்த்தார். கட்டிலில் பிள்ளை இல்லை. வாசலில் தொங்கிய சாக்குப் படங்கு விலகியிருந்தது. கொட்டிலிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, கட்டு இல்லாத கிணற்றின் விளிம்பில், நிலவு வெளிச்சத்தில் பிள்ளை குந்தியிருந்து சிரட்டையால் மண் அள்ளிக்கொண்டிருந்தது. அம்மம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பிள்ளை திடுக்கிடும் என்று அந்த முதிய பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் நடந்து போய்க் கையைப் பிடித்தார்.

அடுத்த வாரம் நாம் அங்கு போனபோது தாய் சொன்னார்: “விழுந்திடும் எண்டுதான் பாதர் நான் பயந்தனான். அவள் விழேல்லை. வடிவா இறங்கி நடந்து போயிட்டாள்.”

இந்த வார்த்தைகளில் நாம் சொல்ல வந்தது முழுவதும் அடங்கியிருக்கிறது. பிள்ளையைப் பெரிய படுக்கைக்கு மாற்றும்போது எல்லோரும் விழுதலைப் பற்றியே யோசிக்கிறோம். விழுதல் ஓர் ஆபத்துத்தான். ஆயினும் விழாமல் இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஆபத்துகள் கொட்டிலுக்குள்ளேயும் வெளியேயும் காத்திருக்கின்றன. ஏணை பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தது. கட்டில் பிடித்து வைக்காது. இனிமேல் கொட்டில் முழுவதும் பிள்ளையின் படுக்கை என்று எண்ணியே நாம் ஆயத்தம் செய்ய வேண்டும்.

சொந்த ஊரில் இருந்தபோது இதைப் பற்றி நாம் பெரிதாக யோசிக்கவில்லை. அங்கே அறைக்குக் கதவு இருந்தது, கதவுக்குக் கொண்டி இருந்தது, வளவுக்குப் படலை இருந்தது, கிணற்றுக்குக் கட்டு இருந்தது. அப்புவும் ஆச்சியும் காலங்காலமாகச் செய்துவைத்த ஒழுங்குகள் எமக்குத் தெரியாமலே பிள்ளைகளைக் காத்தன. இடம்பெயர்ந்த கொட்டிலில் அவை ஒன்றும் இல்லை. அவற்றை நாமே திரும்பவும் ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எப்போது இறக்குவது?

பிள்ளை கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தத் தொடங்கினால், அல்லது ஏணையின் ஓரத்தைப் பிடித்து எழும்ப முயன்றால், ஏணைக் காலம் முடிந்துவிட்டது. பல பிள்ளைகளுக்கு இது 5 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையில் வரும். அதன் பின்பும் ஏணையில் விட்டால் பிள்ளை தலைகீழாக விழலாம். சீலை கழுத்தில் சுற்றி இறுகலாம். “இரண்டு வயது வரைக்கும் எங்கடை பிள்ளையள் ஏணையிலைதானே கிடந்ததுகள்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்நாளில் ஏணைக்குப் பக்கத்தில் பகல் முழுவதும் ஓர் ஆச்சி இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏணையிலிருந்து இறங்கும் சின்னப் பிள்ளை முதலில் தாயின் அருகே பாயில் படுக்கட்டும். ஒரு வயது ஆகும்வரை பிள்ளையை மல்லாக்காகக் கிடத்துங்கள். முகத்தை மூடக்கூடிய தலையணை, தடித்த போர்வை ஒன்றும் அருகில் வேண்டாம். தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவிலோ, புரண்டு படுக்கும் பெரிய பிள்ளைகளுக்குப் பக்கத்திலோ கிடத்த வேண்டாம். குடித்துவிட்டு வந்தவர் அந்தப் பாயில் படுக்கவே கூடாது.

தனிக்கட்டில் ஏறக்குறைய இரண்டு வயதுக்குப் பிறகு போதும். கம்பித் தொட்டில் வைத்திருப்போர், பிள்ளை கம்பியைக் கடந்து ஏற முயன்ற நாளையே தொட்டிலின் கடைசி நாளாகக் கொள்ளுங்கள். பிள்ளையின் உயரம் 3 அடியைக் கிட்டினாலும் அவ்வாறே.

காலத்தைப் பற்றி இன்னொன்று. புதிய கொட்டிலுக்கு வந்த அதே வாரத்தில் படுக்கையையும் மாற்ற வேண்டாம். குண்டுச் சத்தமோ வெள்ளமோ கண்டு வந்த பிள்ளைக்கு, தாயின் மணமுள்ள சீலை ஒன்றுதான் பழைய வீட்டிலிருந்து வந்த பொருள். அதையும் உடனே பறித்தால் பிள்ளை இரவில் அலறும், எழும்பி நடக்கும். புதிய குழந்தை வருவதற்காக மூத்ததை மாற்றுவதானால், பிரசவத்துக்கு ஆறு எட்டுக் கிழமைகளுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அல்லது குழந்தை பிறந்து சில மாதங்கள் போகட்டும். “தம்பி வந்து என்ரை இடத்தைப் பறிச்சுப்போட்டான்” என்று பிள்ளை நினைக்க இடம் வைக்கக் கூடாது.

பாயா, கட்டிலா?

இந்தக் கேள்வியை எம்மிடம் கேளாத தாய் இல்லை. பாயில் கிடத்தினால் பிள்ளை விழாது. ஆனால் நிலத்தில் பாம்பு வரும். கட்டிலில் கிடத்தினால் பாம்புப் பயம் குறையும். ஆனால் பிள்ளை விழும். இரண்டும் உண்மை.

கட்டுவிரியன், எட்டடி விரியன் என்றெல்லாம் நாம் சொல்லும் பாம்பு இரவில் நடமாடுவது. நிலத்தில் படுத்துறங்குவோரையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பல வேளைகளில் இருக்காது. பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமற் போகலாம். உறங்கிய பிள்ளை உறக்கத்திலேயே ஆபத்துக்குள் போய்விடும்.

இதற்கு நல்லதொரு காவல் நுளம்பு வலை. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் வலைக்குள் படுத்தோர் பாம்புக்கடியிலிருந்து பெரிதும் காக்கப்பட்டனர் என்று காட்டியது. அந்த மக்களும் எம்மைப் போலவே மண் வீடுகளில் வாழும் கமக்காரர். மலேரியாவுக்காக எமது கிராமங்களுக்கு வலைகள் வழங்கப்பட்டன. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதன் பின் பலர் வலையைக் கோழிக்கூட்டுக்கும் கீரைப் பாத்திக்கும் கட்டிவிட்டதைக் காண்கிறோம். அன்பார்ந்த பெற்றாரே, அந்த வலையைத் திரும்ப எடுத்துத் துவைத்துக் கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால், பிள்ளையின் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும்.

வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருக வேண்டும். ஓர் ஓரம் திறந்திருந்தாலும் பாம்புக்கு அது வாசல். வலையின் கயிறுகள் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

ஆகவே எமது பதில் இது: இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, நன்றாகச் செருகிய வலைக்குள் தாயோடு பாயில் படுக்கட்டும். இரண்டு வயது கடந்த பிள்ளைக்குத் தாழ்ந்த கட்டில் நல்லது. அதற்கும் வலை வேண்டும். செருகிய வலை உருளும் பிள்ளையைச் சற்றுத் தாங்கும் என்றாலும், அதையே வேலியாக நம்பிவிட வேண்டாம்.

கட்டிலை ஆயத்தம் செய்தல்

புதுக் கட்டில் வாங்கப் பணம் தேவையில்லை. இருக்கும் கட்டிலில் சில வேலைகள் செய்தால் போதும்.

1. உயரம். பெரியவர்களின் முழங்கால் உயரத்துக்கு மேற்பட்ட கட்டில் பிள்ளைக்கு ஏற்றதல்ல. ஓர் அடி உயரம் போதும். கால்களை அறுத்துக் குறைக்கலாம். அறுத்தபின் நாலு காலும் நிலத்தில் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கட்டிலின் பக்கத்தில், வைக்கோல் அடைத்துத் தைத்த உரப்பை ஒன்றைப் போடுங்கள். உரப்பையை முதலில் பல தடவை கழுவி வெயிலில் காயவிட வேண்டும். கிருமிநாசினி கலந்த விதை இருந்த பை எதற்கும் உதவாது. பாம்பும் பூச்சியும் ஒதுங்காதபடி காலையில் அதை வெளியே எடுத்துத் தட்டி, இரவில் திரும்பப் போடுங்கள்.

2. இடைவெளி. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்வது விழுவதைவிட ஆபத்தானது. கட்டிலைச் சுவரோடு இறுக்கி வையுங்கள். மண்சுவர் வளைந்திருந்து இறுக்க முடியாவிட்டால், இரண்டு அடி தள்ளி நடுவில் வையுங்கள். அரைகுறை இடைவெளிதான் ஆகாது. கட்டிலின் சட்டங்களுக்கு இடையேயும் 6 சென்ரிமீற்றருக்கு மேல், அதாவது மூன்று விரல் அகலத்துக்கு மேல், வெளி இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு சலாகையை அடித்து மூடுங்கள்.

3. தடுப்பு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, பக்கத்தில் ஒரு பலகைத் தடுப்பு வைக்கலாம். அது கட்டிலின் முழு நீளத்துக்கும் வேண்டாம். கால்மாட்டில் பிள்ளை இறங்க வழி விடுங்கள். வழி இல்லாவிட்டால் பிள்ளை தடுப்பின் மேலால் ஏறி, கூடிய உயரத்திலிருந்து விழும். தடுப்புக்கும் பாய்க்கும் இடையில் வெளி இருக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தடுப்பே மாட்டும் பொறியாகிவிடலாம். அவர்களுக்குத் தடுப்புள்ள கட்டிலைவிடப் பாயே மேல்.

4. இறங்கப் பழக்குதல். குப்புறப் படுத்து, கால்களை முதலில் கீழே விட்டு, பின்பக்கமாக இறங்கப் பிள்ளைக்குப் பகலில் விளையாட்டாகப் பழக்குங்கள். சில நாட்களில் பழகிவிடும்.

5. அடுக்குக் கட்டில். சில முகாம்களிலும் விடுதிகளிலும் அடுக்குக் கட்டில்கள் இருந்தன. மேற்கட்டில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல.

6. பழைய ஏணை. பிள்ளை இறங்கிய பின்னும் ஏணையை வளையிலேயே தொங்க விடுவது எமது வழக்கம். பெரிய பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடுவார்கள். ஏணைச் சீலை முறுகிக் கழுத்து இறுகிச் சிறுவர் இறந்த செய்திகள் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்திருக்கின்றன. பயன்படாத வேளையில் ஏணையை அவிழ்த்து மடித்து வையுங்கள்.

விளக்கு

மின்சாரம் வந்த கொட்டில்களிலும் குப்பி விளக்கு முற்றாகப் போய்விடவில்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, மெழுகுதிரியையும் போத்தல் விளக்கையும் எத்தனை வீடுகள் திரும்பவும் தேடி எடுத்தன என்பதை அறிவீர்கள்.

ஏணையில் கிடந்த பிள்ளைக்கு விளக்கு எட்டாது. கட்டிலில் இருந்து இறங்கும் பிள்ளை முதலில் போவதே வெளிச்சத்தை நோக்கித்தான். தட்டினால் சரிந்து உருளும் போத்தலில், இறுக்கமான மூடி இல்லாமல் திரியைச் செருகினால், எண்ணெய் கொட்டித் தீ பாயையும் வலையையும் பிடிக்கும். எரிகாயங்களோடு வந்தோருக்குச் சிகிச்சை அளித்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைக் கண்டு ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையான மாமைற் போத்தலைப் பார்த்தே அந்த யோசனை அவருக்கு வந்தது. குட்டையும் பாரமும் உள்ள கண்ணாடிப் போத்தல், உருளாதபடி இரு பக்கம் தட்டை, திருகி இறுக்கும் உலோக மூடி: இவ்வளவுதான் அந்த விளக்கு. அந்தப் பணிக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எமது வீட்டு விளக்குக்கும் இவையே இலக்கணமாக இருக்கட்டும்: குட்டை, பாரம், உருளாமை, இறுகிய மூடி.

விளக்கைக் கட்டிலின் தலைமாட்டில் வைக்க வேண்டாம். பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்து, ஓலைக்கும் வலைக்கும் தூரமாக வையுங்கள். படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். இரவுக்கு ஒரு ரோச் லைற் அல்லது சூரிய ஒளியில் ஏறும் சிறு விளக்கு நல்லது. நுளம்புத்திரியைக் கட்டிலுக்குக் கீழே கொளுத்தி வைப்பதும் பல தீ விபத்துகளுக்குக் காரணம்.

கட்டிலுக்குக் கீழே இருப்பவை

ஓர் அறைக் கொட்டிலில் வேறு இடம் ஏது? ஆகவே எல்லாம் கட்டிலுக்குக் கீழே போகின்றன. கிருமிநாசினிப் போத்தல், மருந்தடிக்கும் இயந்திரம், சோடாப் போத்தலில் வாங்கிய மண்ணெண்ணெய், மண்வெட்டி, கத்தி, விதை நெல் மூட்டை. கள்வர் எடுக்காமல் இருக்கவே அங்கே வைக்கிறோம். ஆனால் கட்டிலால் இறங்கும் பிள்ளையின் கண்மட்டத்தில் இருப்பது அதுதான்.

கிருமிநாசினியையும் மண்ணெண்ணெயையும் குடிபானப் போத்தலில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். அவற்றைப் படுக்கும் இடத்துக்கு வெளியே, பூட்டக்கூடிய ஒரு மரப்பெட்டியில், உயரத்தில் வையுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பெட்டி செய்து, ஒருவர் பொறுப்பில் திறப்பை வைத்துக்கொள்ளவும் முடியும்.

நெல் மூட்டைக்கு வேறொரு காரணம் உண்டு. நெல்லுக்கு எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே நெல்லை வைப்பது பாம்பை நாமே அழைப்பதாகும். மூட்டையைக் கொட்டிலின் மறு மூலையில், நிலத்திலிருந்து உயர்த்திய பரணில், மூடிய பீப்பாவில் வைப்பது நன்று. கட்டிலின் கீழ் எப்போதும் வெறுமையாக, கூட்டிய நிலமாக இருக்கட்டும்.

வாசலும் கிணறும்

சாக்குப் படங்கு கதவல்ல. பனஞ்சலாகையாலோ, அலம்பலாலோ, தறப்பாள் தைத்த சட்டத்தாலோ ஒரு தட்டி செய்து, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் உள்பக்கமாகக் கொண்டி போடுங்கள். பெரியவர் ஒருவர் இருட்டிலும் ஒரு கையால் திறக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். தீ என்று வந்தால் நொடியில் வெளியே போக வேண்டும் அல்லவா? பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டு வயலுக்குப் போவது எக்காலமும் கூடாது.

கிணற்றைக் கட்ட சீமெந்து கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கதியால் நட்டு வரிச்சுக் கட்டி, மூன்றரை அடி உயரத்தில் நெருக்கமான வேலி போட ஒரு பகல் போதும். வேலிக்குள் போகப் படலை வேண்டும், படலைக்குக் கொண்டி வேண்டும். மலசலகூடத்துக்கு வெட்டி விட்ட குழிகளையும் மழைநீர் தேங்கும் மண் கிடங்குகளையும் மறக்காதீர்கள். இரவில் தண்ணீர் நிறைந்த வாளி கட்டிலுக்கு அருகே இருக்கக் கூடாது. ஒரு முழ ஆழத் தண்ணீரும் ஒரு சிறு பிள்ளைக்குக் கிணறுதான்.

முதல் இரவுகள்

முதலில் பகல் நித்திரையைப் புதிய படுக்கையில் தொடங்குங்கள். ஒரு கிழமையின் பின் இரவு. ஏணைச் சீலையையே மடித்துப் பாயின் மேல் விரிப்பாகப் போட்டு, நன்றாகச் செருகிவிடுங்கள். மணம் அதே மணம் என்பதால் பிள்ளை அமைதியாகும். ஏணையில் பாடிய தாலாட்டைக் கட்டிலிலும் பாடுங்கள்.

பிள்ளை எழும்பி வந்தால் ஏசாமல், அடிக்காமல், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கிடத்துங்கள். பத்துத் தடவை வந்தால் பத்துத் தடவையும். “எழும்பினால் பேய் பிடிக்கும், ஆமி வரும்” என்று வெருட்டுவது வேண்டாம். உண்மையான பயங்களைக் கண்ட பிள்ளைகளுக்கு நாம் புதிதாகப் பயம் செய்து கொடுக்கத் தேவையில்லை. வெருண்ட பிள்ளை விழித்தாலும் தாயைக் கூப்பிடாமல் ஒளித்து வெளியேறும். “எழும்பினால் அம்மாவைக் கூப்பிடு” என்று சொல்லிக் கொடுங்கள். கூப்பிட்டால் போங்கள். அதுவே எல்லாக் கொண்டியிலும் உறுதியான கொண்டி.

கட்டிலில் மூத்திரம் போனாலும் தண்டிக்க வேண்டாம். இடம்பெயர்ந்த பிள்ளைகளில், பழகி நிறுத்தியவர்களும் மீண்டும் போவதுண்டு. காலப்போக்கில் நிற்கும்.

விபத்து நேர்ந்தால்

விழுந்தால்: பிள்ளை உடனே அழுது, பின் வழமைபோல் விளையாடினால் ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். நினைவு தப்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாதபடி உறங்கினால், வலிப்பு வந்தால், காதாலோ மூக்காலோ நீரோ இரத்தமோ வந்தால் தாமதியாமல் வைத்தியசாலை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தலை அடிபட விழுந்தால் காயம் தெரியாவிட்டாலும் காட்டுங்கள்.

பாம்பு என்று சந்தேகித்தால்: வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ, விஷக்கல் வைக்கவோ வேண்டாம். காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். பிள்ளையை நடக்க விடாமல், அசைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். காலையில் எழும்பிய பிள்ளை வயிற்றுவலி என்று அழுது, வாந்தி எடுத்து, இமை சரிந்து, விழுங்க முடியாமல் இருந்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் அது விரியனாக இருக்கலாம். வைத்தியருக்கு அதைச் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் உண்டு.

எரிந்தால்: ஓடும் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம்.

மண்ணெண்ணெயோ கிருமிநாசினியோ குடித்தால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தைக் கரியால் வாசல் தூணில் எழுதி வையுங்கள்.

கூடிச் செய்வோம்

நாம் மேலே சொன்ன அந்தக் குடும்பத்திடம் இரண்டு மாதங்களின் பின் மீண்டும் போனோம். தகப்பன் திரும்பி வந்திருந்தார். கட்டிலின் கால்கள் ஓர் அடிக்கு அறுக்கப்பட்டிருந்தன. வாசலில் சலாகைத் தட்டி இருந்தது. மாதர் சங்கத்துப் பெண்களும் அயலவர்களும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து, அந்தக் கிணற்றுக்கும் அடுத்த இரண்டு காணிக் கிணறுகளுக்கும் வேலி போட்டிருந்தார்கள். செலவு கயிற்றுக்கு மட்டும்தான். ஏணையில் புதிய குழந்தை உறங்கியது. மூத்தவள் எம்மைக் கண்டதும் கட்டிலில் ஏறி, குப்புறப் படுத்து, கால்களைக் கீழே விட்டு இறங்கிக் காட்டினாள். அம்மம்மா சொன்னார்: “இப்ப இவள் எழும்பினால் முதல் என்னைத்தான் தட்டுவாள்.”

சொந்தக் காணியும் கல்வீடும் எப்போது கிடைக்கும் என்பது எமது கையில் மட்டும் இல்லை. ஆனால் ஒரு கொண்டி, ஒரு வேலி, ஒரு வலை எமது கையில் இருக்கின்றன. “நிரந்தர வீடு வரட்டும், எல்லாம் செய்வோம்” என்று நாம் காத்திருக்கலாம். பிள்ளை காத்திருக்காது. அது இந்தக் கொட்டிலில்தான் வளர்கிறது. இந்தக் கட்டிலிலிருந்துதான் இன்றிரவு இறங்கப் போகிறது.

ஆகவே அன்பார்ந்த பெற்றாரே, இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் படுக்கைக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்று, பிள்ளையின் உயரத்திலிருந்து கொட்டிலைச் சுற்றிப் பாருங்கள். எது கைக்கு எட்டுகிறது? எது பளபளக்கிறது? எந்த வழி திறந்திருக்கிறது? எட்டுவதை உயர்த்தி வையுங்கள். திறந்ததை அடையுங்கள். அதன் பின் பிள்ளையை ஏணையிலிருந்து இறக்குங்கள்.